வெள்ளை டப்பாத் தேர்வுக் குழு

நவம்பரில் முதல் குளிர் அலை சுன்சொன் நகருக்குள் நுழைந்த வாரத்தில், தாக் ஜொங்குவின் வீட்டில் இருந்த நாலு வெள்ளை டப்பாக்களில் மூன்று செத்துப்போயின. நாலாவது எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் ஆளுகைக்கு உட்பட்ட தரை, சமையலறையில் குளிர்பெட்டிக்கு முன்னால் பாய் விரிக்கும் அகலத்துக்குத்தான் இருந்தது. ஆகவே அந்த வீட்டில் குளிர்பெட்டி காலில் சூடு பட நின்றது. மனிதர்கள் நடுங்கினார்கள்.

நீல அன்னம் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைக்கு அடியில்தான் வெந்நீர் ஓடும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அந்தக் குழாய் அறைக்கு ஒன்றாகப் பிரியும் இடத்தில், ஒவ்வொரு வால்வின் தலையிலும் கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை டப்பா ஒன்று தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். சுவரில் இருக்கும் குமிழைத் திருகினால் டப்பா வால்வைத் திறந்துவிடும், தரை சுடும். டப்பா செத்தால் வால்வு மூடிக்கொள்ளும், அறை செத்துப்போகும். காகிதங்களில் அதற்கு ‘வால்வு இயக்கி’ என்று பெயர். வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை.

தாக் ஜொங்கு வாகனப் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கற்றுக்கொள்பவர் கண்டபடி பாயும்போது தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பது தொழில். இருபத்தைந்து வருடம் மிதித்து மிதித்து, வாழ்க்கையில் எது வேகமாக வந்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சண்டை போடத் தெரியாது. அதை அவர் மனைவி சுன்ரே பார்த்துக்கொண்டாள்.

“ராஹி அப்பா, ஜனவரி மாசம் பொண்ணுக்குப் பிரசவம். மாப்பிள்ளை உல்சான்ல கப்பல் கட்டிக்கிட்டிருக்காரு. பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவ நம்ம வீட்டுக்குத்தான் வரப்போறா. பிள்ளை பெத்த உடம்பு ஐஸ் தரையில படுக்குமா?”

“மின்சாரப் பாய் இருக்கே.”

“அதுல நேத்து நான் படுத்தேன். முதுகு வெந்துச்சு, மூக்கு உறைஞ்சுச்சு. பொண்ணை மீன் மாதிரி ஒரு பக்கம் மட்டும் சுடப்போறீங்களா? போய் டப்பா வாங்கிட்டு வாங்க.”

அவர் போனார். குழாய்ச் சாமான் கடைக்காரர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, “எந்தக் குடியிருப்பு அண்ணே?” என்று கேட்டார். நீல அன்னம் என்றதும் டப்பாவைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

“கோவிச்சுக்காதீங்க. போன குளிர்காலத்துல உங்க ஆளு ஒருத்தருக்கு ஒண்ணு வித்தேன். மறுநாளு பச்சைச் சட்டை மாட்டுன நாலு பேரு கடைக்கு வந்து, இந்த டப்பா யாரைக் கேட்டுச் சூடு குடுத்துச்சுன்னு விசாரிச்சாங்க. பொழப்பே போச்சு. நீங்க உங்க ஆபீஸ்ல கேளுங்க.”

குடியிருப்பின் நிர்வாகிக்குப் பின் என்று குடும்பப் பெயர். வேலை செய்யும் முறையும் அதுதான். தாக் உள்ளே போனபோது அவர் கையுறை போட்ட விரல்களால் காப்பிப் பொட்டலத்தைப் பிரிக்க முயன்று, முடியாமல், பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

“தனித்தனியா மாத்தக் கூடாதுங்க. ஒரே குடியிருப்பு, ஒரே டப்பா. குடியிருப்போர் சபை தீர்மானம் போட்டு ஒரு தேர்வுக் குழு அமைச்சிருக்கு. அவங்க தேர்ந்தெடுத்ததும் எல்லா வீட்டுக்கும் மாத்திருவோம்.”

“எப்ப தேர்ந்தெடுப்பாங்க?”

“நடந்துக்கிட்டே இருக்கு.”

“எப்பலேர்ந்து?”

“போன தலைவர் காலத்துலேர்ந்து.”

“அவருகிட்ட கேட்டா ஏதாவது தெரியுமா?”

“இறந்துட்டாருங்க. நிமோனியா.”

இருவரும் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்கள். பிறகு பின் ஒரு வழி சொன்னார். குளிர்ந்த வீடு என்று நிரூபித்தால், அவசரப் பட்டியலில் சேர்க்கலாம். அன்று மாலையே அவர் நேரில் வந்தார். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, பெண் வந்து தங்கவேண்டிய அறைக்குள் போய், தடித்த கம்பளிக் காலுறை போட்ட காலைத் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“குளிரல்லீங்களே.”

“காலுறை போட்டிருக்கீங்களே!” என்றாள் சுன்ரே.

“விதியே காலுறையோடத்தாம்மா. வெறுங்கால்னா ஆளுக்கு ஆள் மாறும். இது சபை ஒரே தரத்துல வாங்கிக் குடுத்த காலுறை. இதுல குளிர்ந்தாத்தான் குளிரு.”

“இதுல குளிர்ந்தவங்க யாராவது இருக்காங்களா?”

பின் யோசித்தார். “இதுவரைக்கும் இல்லீங்க. ரொம்ப நல்ல காலுறை.”

அடுத்த கூட்டத்துக்கு நேரில் வந்து கேட்கச் சொல்லிவிட்டு அவர் போனார். தாக் போனார்.

கூட்டம் முதியோர் மன்றத்தில் நடந்தது. அந்த மன்றத்துத் தரையும் பனிக்கட்டியாகத்தான் கிடந்தது, ஏனென்றால் அங்கே இருந்த டப்பாக்களை மாதிரிக்கு என்று முதலிலேயே வால்வோடு பிடுங்கி, குழாய் வாயை அடைத்துவிட்டு, எடுத்துப் போய், எங்கோ பத்திரமாக வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் பஞ்சுக் கோட்டும் அதற்கு மேல் பச்சைச் சட்டையுமாக, ஆளுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஊதா நிறப் பட்டுத் திண்டு. திண்டின் மேல் மூன்று வெள்ளை டப்பாக்கள். மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன.

தலைவர் குவாக் பில்ஜுங் எழுந்தார். அனைவரும் டப்பாக்களை நோக்கித் தலை தாழ்த்தினார்கள். தாக்கும் தாழ்த்தினார்.

“புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. அதனால திரும்பச் சொல்றேன்,” என்று தலைவர் தொடங்கினார். “நான் ராணுவத்துல முப்பது வருஷம் கிடங்கு அதிகாரியா இருந்தவன். அந்த முப்பது வருஷத்துல தப்பான சாமான் ஒண்ணு என் கிடங்கை விட்டு வெளிய போனதில்ல. எப்படி? எந்தச் சாமானும் வெளிய போனதில்ல! ஒரு தடவை மலைமேல இருந்த படைப்பிரிவு குளிர்காலக் கோட்டு கேட்டுச்சு. தைப்பு சரியா இருக்கான்னு ஒவ்வொண்ணா பாத்துட்டு அனுப்பறேன்னேன். பாத்து முடிக்கறதுக்கும் வசந்தம் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. ஒரு கோட்டு வீணாகல. எனக்குப் பதக்கம் குடுத்தாங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். கம்பளிக் கையுறை போட்டிருந்ததால் சத்தம் எதுவும் வரவில்லை. யாரோ தூரத்தில் மெத்தையை உதறுவது போல இருந்தது.

அன்றைய பொருள், மின்சாரம் போய்விட்டால் வால்வு எப்படி இருக்கவேண்டும் என்பது. சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் வகை டப்பாவும் உண்டு; சும்மா இருக்கும்போது திறந்திருக்கும் வகையும் உண்டு. வாங்கும்போதே இதைச் சொல்லி வாங்கவேண்டும். இந்த ஒரு கேள்வியில் குழு போன வருடமே இரண்டாகப் பிளந்திருந்தது.

ஓய்வுபெற்ற நல்லொழுக்க ஆசிரியை யொம் மூடிய கட்சி. “எந்த வேலையும் இல்லாதப்ப திறந்து கிடக்கறது என்ன பழக்கம்? முப்பத்தாறு வருஷம் வகுப்புல நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். கேட்டா மட்டும் திற, இல்லாட்டி மூடு. அப்படி வளர்ந்த பிள்ளைங்க இன்னிக்குப் பெரிய பெரிய பதவியில இருக்காங்க. யாரும் வாயே திறக்கறதில்ல.”

பல் டாக்டர் மொ திறந்த கட்சி. “டீச்சர், மூடி வெச்சா உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? என்கிட்ட வர்றவங்ககிட்ட நான் மொதல்ல சொல்றது, திறங்கன்னுதான். நல்லாத் திறக்கறவங்களுக்குத்தான் மொத்தப் பல்லையும் எடுத்துட்டுப் புதுசு வைக்க முடிஞ்சிருக்கு.”

“அப்ப ராத்திரி பூராவும் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கச் சொல்றீங்களா?”

“சொன்னா என்ன தப்பு?”

தாக் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் தூக்கியது தெரிந்தது. வலது கால் தரையை அழுத்திப் பார்த்தது, கை நிற்கவில்லை.

“ஐயா, எனக்கு ரெண்டுல எதுவா இருந்தாலும் சம்மதம். பொண்ணு ஜனவரியில பிள்ளையோட வர்றா. அதுக்குள்ள ஒண்ணு கிடைச்சாப் போதும்.”

தலைவர் அவரை உற்றுப் பார்த்தார்.

“எதுவா இருந்தாலும் சம்மதம்! கேட்டீங்களா? எந்தக் கட்சியும் இல்லாத மனுஷன். இப்படி ஒருத்தரைத்தான் நாம தேடிக்கிட்டிருந்தோம். உங்க வீட்டுல குளிரா?”

“பயங்கரக் குளிருங்க.”

“குளிர்தரப்பு உறுப்பினரா இவரை நியமிக்கறேன். ஆட்சேபணை உண்டா?”

மெத்தை உதறப்பட்டது. தாக்கின் கோட்டுக்கு மேல் பச்சைச் சட்டை ஏறியது.

வீட்டில் சுன்ரே அந்தச் சட்டையை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தாள். “டப்பா வாங்கிட்டு வரச் சொன்னா, பதவி வாங்கிட்டு வந்திருக்கீங்க,” என்றாள். பிறகு, “இதுல பஞ்சு கூட இல்லியே,” என்று தூக்கிப் போட்டாள்.

டிசம்பர் முழுவதும் தாக் கடமையாற்றினார். முதலில் ஓசைச் சோதனை. டப்பா இயங்கும்போது சத்தம் போட்டால் உறக்கம் கெடும் என்பதால், மூன்று டப்பாக்களையும் ஒவ்வொன்றாக நடுவில் வைத்து, உறுப்பினர்கள் சுற்றி உட்கார்ந்து, மூச்சை அடக்கிக் கேட்கவேண்டும். முதல் டப்பாவில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது டப்பாவை வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஆழமாக, இழுத்து இழுத்து ஒரு ஓசை எழுந்தது. எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். யொம் டீச்சர் கண்ணை மூடி ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலை பல் டாக்டரின் தோளில் சாய்ந்தபோது ஓசை இன்னும் பெரிதானது.

“ஐயா,” என்று தாக் தலைவரின் காதில் சொன்னார், “அது டீச்சருங்க.”

“குழு உறுப்பினர் மேல குற்றம் சொல்றதுக்கு ஆதாரம் வேணும் தம்பி.”

“டப்பாவுக்கு இன்னும் மின்சாரமே குடுக்கலீங்களே.”

“மின்சாரம் இல்லாமலே இவ்வளவு சத்தம்னா, குடுத்தா என்ன ஆகும்?” என்றார் தலைவர். இரண்டாவது டப்பா நீக்கப்பட்டது.

மிச்சம் இரண்டு. அவற்றில் ஒன்று மோட்டார் வகை. சொன்னதும் திறந்துவிடும். மற்றது மெழுகு வகை. உள்ளே இருக்கும் மெழுகு சூடாகி உப்பி வால்வைத் திறக்க மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். தலைவருக்கு மெழுகின்மேல் மரியாதை பிறந்தது.

“சொன்னதும் செய்யறது எடுபிடி வேலை. இது பாருங்க, சொன்னா உடனே எதுவும் பண்றதில்ல. உள்ளுக்குள்ள வெச்சுக் காய்ச்சுது. எடை போடுது. அப்புறம் மெதுவா ஒரு முடிவுக்கு வருது. எனக்கு என்னையே பாத்த மாதிரி இருக்கு.”

“ஐயா, அப்ப மெழுகே வாங்கிரலாமுங்களா?” தாக் உட்கார்ந்திருந்த மூடியோடு முன்னால் நகர்ந்தார்.

“இவ்வளவு பொறுமையான ஒரு பொருளை இப்படி அவசரப்பட்டு வாங்கறது அதுக்கே அவமானம் இல்லியா தம்பி?”

அடுத்து, தரைச்சூடு எப்படி இருக்கவேண்டும் என்பதை நேரில் அறிய ஆய்வுப் பயணம். சூட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சூடான ஊருக்குத்தான் போகவேண்டும் என்று பல் டாக்டர் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு எழவில்லை. குழு விமானம் ஏறி ஜேஜு தீவுக்குப் போனது. குளிர்தரப்பு இல்லாமல் எண்ணிக்கை நிறையாது என்று தாக்கையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கடற்கரையில் நடந்து, கரும்பன்றி இறைச்சி வாட்டித் தின்று, மூன்றாம் நாள் ஆரஞ்சுத் தோட்டத்தில் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டபோது தாக்கின் தொலைபேசி அடித்தது.

“ராஹி அப்பா, தாத்தா ஆயிட்டீங்க. பொண்ணு. ரெண்டு வாரம் முந்திக்கிட்டு வந்துட்டா. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?”

“ஆரஞ்சுத் தோட்டத்துல.”

“அங்க என்ன பண்றீங்க?”

“ஆய்வு.”

சுன்ரே தொலைபேசியை வைத்துவிட்டாள். பயண அறிக்கையில் நிர்வாகி பின் இப்படி எழுதினார்: ஜேஜுவில் தரை குளிரவில்லை, காரணம் மேலும் ஆராயப்படவேண்டும்.

பிரசவ விடுதியிலிருந்து ராஹி வீட்டுக்கு வந்த நாள், ஏரிப் பக்கமிருந்து வந்த பனிமூட்டம் சன்னல் கண்ணாடியில் உறைந்து கிடந்தது. பேத்தி ஒரு முட்டைக்கோஸ் அளவு துணிச்சுருளாக வந்தாள். மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. தரை சுட்ட ஒரே இடத்தில் தாயையும் பிள்ளையையும் படுக்க வைத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசிச் சூப்புக்கு இறைச்சி எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ராஹி குழந்தையோடு உருண்டு வழி விட்டாள். ஐந்தாவது தடவை உருண்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, நீங்க அந்தக் குழுவுல இருக்கீங்களாமே?”

“ஆமாம்மா.”

“அங்க என்ன பண்றீங்க?”

“குளிர்தரப்பு.”

“அப்படின்னா?”

தாக் யோசித்தார். ஒன்றரை மாதமாக அதை அவரும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். “குளிருதுன்னு நான் சொல்வேன். அவங்க எழுதிக்குவாங்க.”

ராஹி தாயைக் கொண்டு பிறந்தவள். குழந்தையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, தொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டாள். செத்துக் கிடந்த ஒரு வெள்ளை டப்பாவைப் பிடித்தாள்.

“விடுடி, என்ன பண்றே?” என்று சுன்ரே ஓடிவந்தாள்.

“இதைக் கழட்டிட்டுப் போயி அந்தத் தலைவரு தலைமேல அடிக்கப் போறேன். அப்பவாவது எந்த வகை நல்லா வலிக்குதுன்னு தேர்ந்தெடுக்கட்டும்.”

“பிள்ளை பெத்த உடம்போட இந்தக் காத்துல வெளிய போவியா? ராஹி அப்பா, சொல்லுங்களேன்!”

தாக்கின் வலது கால் தரையை அழுத்தியது. வண்டி நிற்கவில்லை. டப்பா ஒரு திருகு திருகியதும் கழன்று ராஹியின் கையோடு வந்துவிட்டது. அவள் கோட்டைத் தேடினாள். சுன்ரே கோட்டை இழுத்தாள். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் பெண்ணும் கூடம் முழுக்கச் சுற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தொட்டிக்கு அடியில் ஏதோ கொளகொளவென்று சத்தம் கேட்டது. வயிற்றில் பசி இரைவது போன்ற சத்தம். சண்டை ஓய்வதற்குள், குழந்தையோடு அறை வாசலில் நின்ற தாக்கின் பாதம் எதையோ உணர்ந்தது.

அவர் காலுறையைக் கழற்றினார். வெறுங்காலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

டப்பா செத்தால் வால்வை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அமுக்கும் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டால், வால்வு தன் பாட்டுக்குத் துள்ளித் திறந்துகொள்ளும். இவ்வளவுதான் விஷயம். தாக் பேத்தியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த இரண்டையும் தானே திருகிக் கழற்றினார். பிறகு பெண்ணின் அறைக்குப் போய்க் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“அப்பா, அழறீங்களா?”

“இல்லம்மா,” என்றார், தரையைப் பார்த்தபடியே. “ஆய்வு.”

பிள்ளை பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் கடற்பாசிக் கட்டும் குழந்தைக்கு இடுப்புத் துணியுமாக வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மறந்தார்கள். எழுந்து போனவர்கள் நேராகத் தங்கள் வீட்டுத் தொட்டிக்கு அடியில் போய்ப் புகுந்தார்கள். அந்த வார இறுதிக்குள் எதிர்க் கட்டடத்தில் சன்னல்கள் திறக்க ஆரம்பித்தன. பனி கொட்டும் ஜனவரியில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மனிதர்கள் கையில்லாத சட்டையோடு நடமாடுவது சபையின் கவனத்துக்கு வராமல் போகுமா? சூட்டின் தோற்றுவாய் தாக் வீடு என்று நிர்வாகி பின் கண்டுபிடித்தார்.

தலைவர், பின், யொம் டீச்சர், பல் டாக்டர் நால்வரும் பச்சைச் சட்டையோடு வந்து சேர்ந்தார்கள். வாசலில் காலணியைக் கழற்றி உள்ளே காலை வைத்ததும், நாலு பேரின் முகமும் ஒரே நேரத்தில் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் வந்த வேலை இருந்தது. அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“தாக் தம்பி,” என்றார் தலைவர், “இந்தச் சூடு அங்கீகாரம் இல்லாத சூடு.”

“ஆமாங்க.”

“எந்த டப்பாவோடது?”

“டப்பாவே இல்லீங்க.”

“டப்பா இல்லாத சூட்டை எதோட ஒப்பிடறது? நாளைக்கு இந்தச் சூடு சரியில்லன்னு தெரிஞ்சா, யாரைக் கூப்பிட்டு விசாரிக்கறது? யோசிச்சீங்களா? ஒரு குடியிருப்பு கூட்டா, கட்டுப்பாடா, வரிசையாக் குளிர்ந்துக்கிட்டிருந்துச்சு. அதைக் கெடுத்துட்டீங்க. இப்ப ஆளாளுக்குச் சூடா இருக்காங்க. இப்படி ஒவ்வொரு வீடும் தன்பாட்டுக்குச் சரியாயிருச்சுன்னா, நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?”

கேட்டுவிட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிடுமோ என்று பயந்தவர் போல அவசரமாகத் தண்ணீர் கேட்டார். சுன்ரே பார்லித் தேநீர் கொண்டுவந்தாள். குடித்ததும் தலைவர் கோட்டைக் கழற்றினார். பல் டாக்டர் கால்களை நீட்டினார். யொம் டீச்சர், “இடுப்பு கொஞ்சம் பிடிச்சிருக்கு, ஒரு நிமிஷம்,” என்று சொல்லி ஒருக்களித்துப் படுத்தார். ஓசைச் சோதனையில் கேட்ட ஓசை மறுபடி எழுந்தது. இம்முறை யாரும் எதையும் நீக்கவில்லை.

ராஹி, பால் கலக்குவதற்குக் கை வேண்டும் என்று, பக்கத்தில் எந்த மடி கிடைத்ததோ அதில் குழந்தையை வைத்தாள். அது தலைவரின் மடி. குழந்தை அவரை ஏறிட்டுப் பார்த்தது. இடுப்புத் துணி அப்போதுதான் அவிழ்க்கப்பட்டிருந்தது. தலைவரின் முகம் மெதுவாக மாறியது.

“திறந்த வகை!” என்று பல் டாக்டர் கூவினார்.

யொம் டீச்சர் கண் விழித்தார். “கொஞ்சம் முன்னாடி வரைக்கும் மூடித்தானே இருந்துச்சு?”

“யாரும் கேக்காமலே திறந்துச்சு பாத்தீங்களா?”

“அதைத்தான் நானும் சொல்றேன், வளர்ப்பு அப்படி!”

தலைவர் நனைந்த மடியோடு கையை உயர்த்தினார். “அமைதி. இந்த வாதம் இங்க நல்லா சூடு பிடிக்குது. மன்றத்துல இப்படிப் பேச முடிஞ்சதே இல்ல. அதனால தேர்வு முடியற வரைக்கும் குழுக் கூட்டத்தை இந்த அறையிலேயே வெச்சுக்கறதுன்னு முன்மொழியறேன்.”

நாலு கைகளும் உயர்ந்தன. பின் எழுதிக்கொண்டார். தாக் தன் கையைப் பார்த்தார். அது உயரவில்லை. வலது காலைப் பார்த்தார். அது எதையும் அழுத்தவில்லை. சுருட்டி வைத்திருந்த தன் பச்சைச் சட்டையை எடுத்து வந்து, தலைவரின் மடிமேல் ஈரத்தை மூடி விரித்தார்.

“ஐயா, குளிர்தரப்பு விலகிக்குது. வீட்டுல இப்ப குளிரு இல்ல.”

“விலகல் கடிதத்தை அடுத்த கூட்டத்துல…” என்று பின் ஆரம்பித்தார்.

“எல்லாரும் எந்திரிங்க,” என்றாள் ராஹி.

“அம்மாடி, நாங்க ஒரு முக்கியமான…”

“பிள்ளைக்குப் பால் குடுக்கணும். எந்திரிக்கறீங்களா, நான் எழுப்பவா?”

முப்பத்தாறு வருடம் வகுப்பை அடக்கிய யொம் டீச்சர்தான் முதலில் எழுந்தார். அந்தக் குரலின் தரம் அவருக்குத் தெரியும். பல் டாக்டரும் பின்னும் அவர் பின்னாலேயே நழுவினார்கள்.

தலைவர் மட்டும் வாசலில் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். மற்றவர்களின் பேச்சு மின்தூக்கிக்குள் போய் மறைந்ததும், நிமிராமலே கேட்டார்:

“தம்பி… எந்தப் பக்கம் திருகணும்?”

தாக்குக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“இடப்பக்கமுங்க.”

“ஒரு சுத்தா, ரெண்டா?”

“கழண்டு வர்ற வரைக்கும்.”

தலைவர் தலையாட்டினார். “எங்க வீட்டம்மா அக்டோபர்லேர்ந்து தொப்பி போட்டுக்கிட்டுத்தான் படுக்கறா. என்கிட்ட பேசி ஒரு மாசம் ஆச்சு. நான்தான் தலைவராச்சே, நான் எப்படி மொதல்ல…” முடிக்காமல் எழுந்து, பச்சைச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மின்தூக்கியில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெள்ளை டப்பாவைத் தனிப்பட்ட முறையில் கழற்றுவது கடுமையாகத் தடை செய்யப்படுகிறது. தேர்வு தொடர்ந்து நடைபெறுகிறது. குடியிருப்போர் ஒற்றுமையாகக் குளிருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கீழே குவாக் பில்ஜுங்கின் சிவப்பு முத்திரை, சாயாமல், நேராக.

தாக் குப்பை கொட்டக் கீழே இறங்கினார். உதடு வெடிக்கும் குளிர். தொட்டியின் மூடியைத் திறந்தவர், மேலே ஏதோ கதவு இழுபடும் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். மூன்றாம் மாடியில் தலைவர் வீட்டுச் சன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. உள்ளே யாரோ ஒரு பெண் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். பால்கனியில் குவாக் தலைவர் பனியனோடு நின்று, ஒரு சாப்பாட்டுத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

தாக்கைக் கண்டதும் அவர் கை அப்படியே நின்றது. சட்டென்று உள்ளே திரும்பிப் பஞ்சுக் கோட்டை எடுத்து மாட்டி, கழுத்துவரை ஜிப்பை இழுத்து, தலையைக் கோட்டுத் தொப்பிக்குள் நுழைத்து, இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடுங்கினார். முகத்திலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாக விழுந்தது.

தாக் ஜொங்கு இடுப்பை வளைத்து வணங்கினார். பெரியவர் தனியாக நடுங்கவேண்டாமே என்று, மரியாதைக்குத் தானும் ஒரு முறை நடுங்கிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.